மண்ணைக் காக்கும் வேர், மண்ணைப் பெயர்க்கும் சந்தை
வெட்டிவேர்ப் புல்லின் பயன்களும் புதிய சட்டம் எழுப்பும் கேள்விகளும்

புது தில்லி: கோடை முற்றும் மாதங்களில் பழைய தில்லியின் காரி பாவ்லி சந்தைக்குள் நுழைவோரை மிளகாய் நெடிக்கும் மஞ்சள் மணத்துக்கும் நடுவே நனைந்த மண்ணின் வாசனை ஒன்றும் வரவேற்கும். அது கட்டுக்கட்டாக விற்பனைக்கு வைத்திருக்கும் 'கஸ்' வேரின் மணம். வடநாட்டினர் 'கஸ்' என்று அழைக்கும் இந்த வேர் வேறொன்றுமில்லை, தமிழர்கள் நன்கறிந்த வெட்டிவேர்தான். பிரெஞ்சு, ஆங்கிலம் உள்ளிட்ட ஐரோப்பிய மொழிகள் இதை 'வெட்டிவர்' என்றே எழுதுகின்றன. தாவரவியல் நூல்களிலும், பாரிஸ் நகர வாசனைத் திரவியப் புட்டிகளிலும் இன்றுவரை நிலைத்திருக்கும் தமிழ்ச் சொற்களுள் இதுவும் ஒன்று.

பெயர் உலகம் சுற்றி வந்துவிட்டது. ஆனால், புல்லின் தாயகமான இந்தியாவில் அதன் எதிர்காலம் குறித்துச் சில அடிப்படைக் கேள்விகளுக்கு இன்னும் விடை காணப்படவில்லை. மண் அரிப்பைத் தடுக்க உலகமே நாடும் புல் இது. ஆனால், இதன் வேரை விற்றுக் காசாக்க வேண்டுமானால் மண்ணைத் தோண்டியாக வேண்டும். காப்பதும் பெயர்ப்பதும் ஒரே செடியாக இருக்கும்போது அரசின் கொள்கை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது முக்கியமாகிறது. 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய உயிரியல் பன்முகத்தன்மைத் திருத்தச் சட்டம் இந்தக் கேள்வியை மேலும் கூர்மையாக்கியுள்ளது.

புல்லின் இயல்பு

நெல், கரும்பு, மூங்கில் ஆகியவை அடங்கிய புல் குடும்பத்தைச் சேர்ந்தது வெட்டிவேர். 1771-ல் லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். நெடுங்காலம் 'வெட்டிவேரியா சைசனாய்டஸ்' என்று வழங்கி வந்த இப்புல், 1999-ல் நடந்த வகைப்பாட்டுத் திருத்தத்துக்குப் பிறகு 'கிரைசோபோகன்' பேரினத்தில் சேர்க்கப்பட்டு, 'கிரைசோபோகன் சைசனாய்டஸ்' என்று குறிக்கப்படுகிறது. தமிழ் வேரைக் கொண்ட பேரினப் பெயர் இதனால் அறிவியல் ஏட்டில் பின்னுக்குப் போனாலும், வணிகத்தில் பழைய பெயரே நீடிக்கிறது.

பல ஆண்டுகள் வாழும் இப்புல் அடர்ந்த தூர்களாக, ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரம் வரை வளரும். இலைகள் குறுகலானவை, நீண்டவை, விறைப்பானவை, விளிம்பில் சொரசொரப்பு உடையவை. பூங்கொத்து ஊதா கலந்த பழுப்பு நிறத்தில் கூம்பு வடிவில் எழும். அருகம்புல்லைப் போலத் தரையில் ஓடிப் படரும் தண்டுகள் இதற்குக் கிடையாது. நட்ட இடத்திலேயே தூர் கட்டும். வயலோரம் நட்டால் பக்கத்து வயலை ஆக்கிரமிக்காது.

இதன் சிறப்பு முழுவதும் மண்ணுக்கு அடியில்தான் இருக்கிறது. பெரும்பாலான புற்களின் வேர் பக்கவாட்டில் பரவும்போது, வெட்டிவேரின் சல்லி வேர்த்தொகுதி செங்குத்தாகக் கீழே இறங்குகிறது. ஏற்ற மண்ணில் முதல் ஆண்டிலேயே மூன்று மீட்டர் ஆழம் வரை செல்லும். இந்த வேரின் சராசரி இழுவலிமை 75 மெகாபாஸ்கல் என்று அளவிடப்பட்டுள்ளது. இது மென் எஃகின் வலிமையில் சுமார் ஆறில் ஒரு பங்கு. வறட்சி, நீர்த்தேக்கம், உவர், அமிலம் ஆகிய எல்லாவற்றையும் தாங்கும் மிகச் சில தாவரங்களுள் ஒன்று என்று மண் இயல் அறிஞர்கள் இதைக் குறிப்பிடுவதற்குக் காரணம் இந்த வேர்த்தொகுதியே.

மணமும் வேரில் மட்டுமே உண்டு. இலையைக் கசக்கி முகர்ந்தால் மணம் வராது. வேரில் உள்ள எண்ணெயில் குசிமால், வெட்டிவோன் முதலிய நூற்றுக்கும் மேற்பட்ட சேர்மங்கள் கலந்துள்ளன. வேரில் வாழும் நுண்ணுயிரிகளும் இந்த மணத்தின் உருவாக்கத்தில் பங்கேற்கின்றன என்று 2008-ல் வெளியான இத்தாலிய ஆய்வு தெரிவித்தது. வெட்டிவேர் மணத்தை ஆலையில் செயற்கையாக முழுமையாக உருவாக்குவது கட்டுப்படியாகாத செயலாக இருப்பதால், வாசனைத் திரவியத் தொழில் இன்றும் வேரையே நம்பியிருக்கிறது.

வடக்கும் தெற்கும்

இந்தியாவில் இப்புல் இரு பெரும் வகைகளாக உள்ளது. கங்கைச் சமவெளி, ராஜஸ்தானின் பரத்பூர் பகுதி உள்ளிட்ட வட இடங்களில் ஆற்றங்கரைகளிலும் சதுப்பு நிலங்களிலும் தானாக வளர்வது வட இந்திய வகை. இது பூத்து விதையும் கட்டும். தென் மாநிலங்களில் பயிரிடப்படுவது வளமான விதை தராத வகை. தூரைப் பிரித்து நட்டே இதைப் பெருக்க வேண்டும். இரண்டின் எண்ணெயும் வேதியியல் அமைப்பில் மாறுபட்டவை. ஒளியின் தளத்தை ஒன்று இடப்புறமும் மற்றது வலப்புறமும் திருப்பும் அளவுக்கு அவை வேறுபடுகின்றன.

தமிழகத்தில் கடலூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் கடலோர மணற்பாங்கான நிலங்களில் இது பயிராகிறது. கேரளத்தில் 'ராமச்சம்' என்றும் கர்நாடகத்தில் 'லாவஞ்ச' என்றும் பெயர். கேரளத்தின் ஓடக்காலியில் 1951-ல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையமும், லக்னெளவில் 1959-ல் தோன்றிய மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனமும் (சிமாப்) மேம்பட்ட ரகங்களை வெளியிட்டுள்ளன. தாரிணி, குலாபி, கேசரி, சிம்-விருத்தி ஆகியவை சிமாப் அளித்த ரகங்கள்.

அக்பர் காலம் முதல்

கோடையின் வெப்பத்தைத் தணிக்க வடநாடு நூற்றாண்டுகளாக நம்பிய பொருள் இது. வெட்டிவேரால் பின்னிய தட்டிகளை வாசலில் கட்டி நீர் தெளித்தால் காற்று குளிர்ந்து மணம் பெறும் என்பதை அபுல் ஃபஸலின் 'அயினி அக்பரி' பதிவு செய்துள்ளது. காளிதாசரின் 'சாகுந்தலம்' நாடகத்தில் தாபத்தால் வாடும் நாயகிக்குப் பூசக் கொண்டுசெல்வது 'உசீரம்' என்னும் இதே வேரின் குழம்புதான். ஆங்கிலேயர் ஆட்சியில் அரசு அலுவலகங்களின் கதவுகளை 'கஸ் தட்டி'கள் மறைத்தன. சுதந்திரத்துக்குப் பிறகு அதே வேர் நீர்க்குளிர்விப்பான்களின் பக்கவாட்டுத் தடுப்புகளுக்குள் புகுந்தது. இப்போது அந்த இடத்தை மர இழைகளும் தேன்கூடு வடிவ அட்டைகளும் பெருமளவுக்குப் பிடித்துவிட்டன.

உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் நகரில் வேறொரு மரபு தொடர்கிறது. 'தேக்' எனப்படும் செப்பு அண்டாவில் வேரையும் நீரையும் இட்டு, மூடியைக் களிமண்ணால் அடைத்து, விறகுத் தீயில் காய்ச்சுவர். ஆவி மூங்கில் குழாய் வழியே 'பப்கா' என்னும் செப்புக் கலத்தில் சென்று தணியும். இவ்வாறு கிடைக்கும் 'ரூஹ் கஸ்' தைலம் பசுமை நிறம் காட்டுவதற்குச் செம்புக் கலமே காரணம். கடைகளில் விற்கும் கஸ் சர்பத்தின் கரும்பச்சை நிறமோ பெரும்பாலும் சேர்க்கப்படும் சாயம். நூறு கிலோ வேரிலிருந்து பெரும்பாலும் ஓரிரு கிலோ எண்ணெய்க்கு மேல் கிடைப்பதில்லை. அதற்கும் பல மணி நேரம், சில வேளை ஒரு நாளுக்கும் மேலாக, அடுப்பு எரிய வேண்டும். விலை உயர்வதற்கு இதுவே காரணம்.

மருத்துவத்தில்

சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் வெட்டிவேர் குளிர்ச்சி தரும் பொருளாக மதிக்கப்படுகிறது. காய்ச்சல், தாகம், உடல் எரிச்சல், அதிக வியர்வை ஆகியவற்றுக்கான மருந்துகளில் சேர்கிறது. 'உசீராசவம்' என்னும் ஆயுர்வேத மருந்து இதன் பெயரையே கொண்டது. கோடையில் மண்பானைக் குடிநீரில் ஒரு பிடி வேரை இட்டு வைப்பது தமிழர் இல்லங்களில் நெடுநாளைய வழக்கம். நவீன ஆய்வுகள் இதன் எண்ணெய்க்கு நுண்ணுயிர் எதிர்ப்பு, பூச்சி விரட்டும் தன்மை ஆகியவை இருப்பதாகக் கூறுகின்றன. எனினும், அவற்றில் பெரும்பாலானவை ஆய்வுக்கூட அளவிலும் விலங்குகள் அளவிலும் நடந்தவை. மனிதர்களிடம் முறையாக நடத்திய பெரிய சோதனைகளின் பலம் இல்லாமல் நோய் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வது பொருந்தாது.

பெயர்க் குழப்பமும் கவனத்துக்குரியது. விலாமிச்சை வேர் என்று மருந்துக் கடைகளில் கிடைப்பது புல்லே அல்ல. துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு செடியின் வேர். காய்ச்சலுக்குத் தரும் 'ஷடங்க பானீயம்' என்னும் ஆறு சரக்குக் குடிநீரில் இவ்விரண்டையும் தனித்தனியே சேர்க்கச் சொல்வதிலிருந்தே பழைய வைத்தியர்கள் வேறுபாட்டை அறிந்திருந்தனர் என்பது தெளிவு. வடநாட்டில் 'கஸ்கஸ்' என்று கேட்டால் கசகசா கிடைக்கவும் வாய்ப்பு உண்டு.

இதைவிடக் கவலை தரும் செய்தி ஒன்று உள்ளது. கழிவுநீரையும் உலோகக் கழிவு கலந்த மண்ணையும் தூய்மைப்படுத்த உலகின் பல பகுதிகளில் வெட்டிவேரை நடுகின்றனர். உறிஞ்சப்படும் கன உலோகங்களில் பெரும்பங்கு வேரிலேயே தங்கிவிடுகிறது. இலைக்கு ஏறுவது குறைவு. மருந்துக்கும் குடிநீருக்கும் நாம் எடுப்பதோ அந்த வேரைத்தான். ஆலைக் கழிவு ஓடும் கால்வாய்க் கரையில் தோண்டிய வேர், எந்த இடத்திலிருந்து வந்தது என்ற குறிப்பே இல்லாமல் சந்தையில் கலந்துவிட்டால் அதைக் கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ பிரித்தறிய இயலாது. விளைந்த இடம் பற்றிய சான்று என்பது வெறும் காகிதச் சடங்கு அல்ல என்பதை இது உணர்த்துகிறது.

உலக வங்கி கண்ட வேலி

மைசூரை அடுத்த குண்டலுப்பேட்டை வட்டார விவசாயிகள் வயல் எல்லையில் வெட்டிவேரை வரிசையாக நட்டு வந்தது தலைமுறைகளைக் கடந்த வழக்கம். 1980-களில் உலக வங்கிக்காக இந்தியாவில் பணிபுரிந்த ஜான் கிரீன்ஃபீல்டு, ரிச்சர்ட் கிரிம்ஷா ஆகிய வேளாண் வல்லுநர்கள் இதைக் கவனித்தனர். 1950-களில் ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் இதே புல்லைக் கொண்டு கிரீன்ஃபீல்டு மண் அரிப்பைத் தடுத்திருந்தார். சரிவுக்குக் குறுக்கே சம மட்டத்தில் நெருக்கமாக நட்ட புல்வரிசை, ஓடும் நீரின் வேகத்தைத் தணித்து வண்டல் மண்ணைத் தன் பின்னால் தேக்கிக் கொள்ளும். நாளடைவில் அதுவே படிக்கட்டு வயலாக மாறும். மண் கரை எழுப்புவதைவிடச் செலவும் குறைவு.

1993-ல் அமெரிக்க தேசிய ஆய்வுக் குழு இதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. தாய்லாந்தில் மன்னர் பூமிபோல் 1991 முதல் இதை நாடு தழுவிய இயக்கமாக்கினார். முதல் சர்வதேச வெட்டிவேர் மாநாடு 1996-ல் அந்நாட்டின் சியாங் ராய் நகரில் நடைபெற்றது. இந்தியாவில் தொடங்கிய திட்டமோ நீர்ப்பிடிப்பு மேம்பாட்டுத் திட்டங்களின் ஒரு பகுதியாகவே நின்றுவிட்டது. முற்றிய இலை நல்ல தீவனம் ஆகாது என்பதால், கால்நடைக்குப் புல் தேடும் விவசாயிகள் இதை விரும்பி ஏற்கவில்லை. ஆடு மாடு மேயாததால்தான் வேலி நிலைக்கிறது என்பது உண்மையே. ஆனால், கையில் பலன் தராத வேலியை அரசு உதவியின்றி எத்தனை பேர் பராமரிப்பார்கள்?

மறுபக்கம், எண்ணெய்ச் சந்தையில் அளவால் முன்னிற்கும் நாடுகள் ஹைட்டியும் இந்தோனேசியாவும். தாயகமான இந்தியா அல்ல. ஹைட்டியின் மலைச்சரிவுகளில் மழைக்கு முன்பாக வேரைத் தோண்டி எடுப்பதால் மண் அடித்துச் செல்லப்படுவது அந்நாட்டின் பெரும் குறையாகப் பேசப்படுகிறது. ஜாவாவிலும் இதே புகார் எழுந்தது. சமவெளியில், மணல் நிலத்தில் பயிரிட்டு அறுவடை செய்வது வேறு. சரிவிலும் ஆற்றங்கரையிலும் தோண்டுவது வேறு என்பதே இந்த அனுபவங்கள் தரும் பாடம்.

நறுமண இயக்கம்

அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழு (சிஎஸ்ஐஆர்) 2017-ல் செயல்படுத்தத் தொடங்கிய 'நறுமண இயக்கம்', 2021-ல் இரண்டாம் கட்டத்தை எட்டியது. எலுமிச்சம்புல், பால்மரோசா, லாவண்டர் ஆகியவற்றுடன் வெட்டிவேரும் இதில் இடம்பெற்றது. எலுமிச்சம்புல் எண்ணெயை இறக்குமதி செய்துவந்த நாடு ஏற்றுமதியாளராக மாறிவிட்டது என்று மத்திய அரசு பெருமையுடன் குறிப்பிடுகிறது. ஜம்முவின் லாவண்டர் சாகுபடி குடியரசு தின அணிவகுப்பு வரை இடம்பிடித்தது.

ஆனால், எலுமிச்சம்புல்லுக்கும் வெட்டிவேருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. முன்னதில் இலையை அறுத்தால் போதும்; தூர் மண்ணிலேயே இருந்து மீண்டும் துளிர்க்கும். பின்னதில் ஒவ்வோர் அறுவடையும் செடியை வேரோடு பிடுங்குவதே. ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை காத்திருந்து தோண்டுவதற்கு ஆகும் கூலி, சாகுபடிச் செலவில் கணிசமான பங்கை விழுங்குகிறது. வெள்ளம் வடிந்த நிலத்திலும் உவர் நிலத்திலும் இதை வளர்க்கலாம் என்று ஊக்குவிக்கும்போது, தோண்டிய பிறகு அந்த நிலம் என்ன ஆகும் என்பதற்கும் விதி வகுக்க வேண்டும்.

சட்டம் சொல்வது என்ன?

2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம், உயிரியல் வளங்களை வணிகத்துக்குப் பயன்படுத்துவோர் பயனில் ஒரு பங்கை, அவ்வளங்களைப் பேணிக் காத்த மக்களுடன் பகிர வேண்டும் என்றது. இதைச் செயல்படுத்தும் தேசிய ஆணையத்தின் தலைமையகம் சென்னையில் உள்ளது. இந்திய நிறுவனங்களுக்கும் இக்கடமை உண்டா என்ற வழக்கில், உண்டு என்று 2018 டிசம்பரில் உத்தரகண்ட் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திவ்யா பார்மஸி தொடுத்த வழக்கு அது.

மூன்றாண்டுகள் கழித்து, 2021 டிசம்பரில் திருத்த மசோதா மக்களவையில் அறிமுகமானது. துறை சார்ந்த நிலைக்குழுவுக்கு அனுப்பாமல் கூட்டுக்குழுவுக்கு அனுப்பியதை, நிலைக்குழுத் தலைவராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் ஆட்சேபித்தார். கூட்டுக்குழு 2022 ஆகஸ்டில் அறிக்கை தந்தது. மணிப்பூர் விவகாரத்தால் அவை அமளியில் ஆழ்ந்திருந்த 2023 ஜூலை 25 அன்று மக்களவையிலும், ஆகஸ்ட் 1 அன்று மாநிலங்களவையிலும் மசோதா நிறைவேறியது. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது.

திருத்தத்தின்படி, தொகுத்து எழுதப்பட்ட பாரம்பரிய அறிவுக்கும், பயிரிடப்பட்ட மருத்துவத் தாவரங்களுக்கும், பதிவு பெற்ற ஆயுஷ் மருத்துவர்களுக்கும் விலக்கு கிடைக்கிறது. சிறைத் தண்டனைக்குரிய குற்றங்கள் அபராதத்துக்கு உரியவையாக மாற்றப்பட்டன. ஆராய்ச்சிக்கும் முதலீட்டுக்கும் தடைகள் நீங்கும், சாகுபடி பெருகுவதால் காட்டுச் செடிகள் மீதான நெருக்கடி குறையும் என்பது அரசின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. கடலூர் மணலில் பாடுபட்டு வெட்டிவேர் பயிரிடும் விவசாயி, தன் விளைபொருளை விற்கத் தடையில்லை என்பது நல்லதே.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. பயிரிட்டது எது, ஆற்றங்கரையில் தோண்டியது எது என்று காய்ந்த வேர்க்கட்டைப் பார்த்து யார் சொல்வது? உள்ளாட்சி அளவிலான பல்லுயிர் மேலாண்மைக் குழுக்களின் பதிவேட்டை ஒட்டித் தோற்றச் சான்று வழங்கப்படும் என்கிறது சட்டம். பல ஊர்களில் இக்குழுக்கள் காகித அளவிலேயே உள்ளன என்பது நீண்டகாலக் குற்றச்சாட்டு. சான்று வழங்கும் அமைப்பு வலுவற்றிருந்தால், தோண்டியதும் பயிரிட்டதாகவே கணக்கில் ஏறும். பங்கு பெற வேண்டிய கிராமமும் ஏமாறும், கரையும் கரையும்.

2025-ல் வெளியான புதிய விதிமுறைகள் ஆண்டு விற்றுமுதல் ரூ. 5 கோடி வரை உள்ளோருக்குப் பயன்பகிர்விலிருந்து விலக்கு அளித்துள்ளன. அதற்கு மேல் உள்ளோர் 0.2 முதல் 0.6 சதவீதம் வரை அளிக்க வேண்டும். சிறு அத்தர் காய்ச்சுவோருக்கு இது நிம்மதி. ஆனால், வேரைக் கொள்முதல் செய்யும் இடைத்தரகர் வலைப்பின்னல் முழுவதும் கணக்குக்கு வெளியே நிற்கும் அபாயமும் இதில் உண்டு.

அழியக் கூடாத கருவூலம்

இறுதியாக, நாட்டின் நலன் சார்ந்த ஒரு செய்தி. உலக நாடுகளில் நடப்பட்டுள்ள வெட்டிவேரின் மரபணுக்களை ஒப்பிட்ட 1998-ஆம் ஆண்டு ஆய்வு, தெற்காசியாவுக்கு வெளியே உள்ளவற்றில் பெரும்பாலானவை ஒரே தாய்ச் செடியின் வழிவந்தவை என்று கண்டறிந்தது. ஒரு நோய் அதைத் தாக்கினால் பல நாடுகளின் சாலைச் சரிவுகளும் வயல் வேலிகளும் ஒருசேர ஆபத்துக்கு உள்ளாகும். மரபு வேற்றுமை மிஞ்சியிருப்பது இந்தியத் துணைக்கண்டத்தில், குறிப்பாக வடநாட்டு ஆற்றங்கரைகளில் விதை கட்டி நிற்கும் காட்டுப் புற்களில்தான். மஞ்சளுக்கு அமெரிக்கா வழங்கிய காப்புரிமையை 1997-ல் போராடி நீக்கிய நாடு இது. வெட்டிவேர் எண்ணெய் கறையானை விரட்டும் தன்மைக்கு லூசியானா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காப்புரிமை பெற்றதும் நடந்திருக்கிறது. வெளியே காப்புரிமைக்காக வாதாடும் நாம், உள்ளே கருவூலத்தையே கவனியாமல் விட்டுவிடக் கூடாது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. ஆற்றங்கரைகளிலும் சரிவுகளிலும் வேரைத் தோண்டுவதற்குத் தெளிவான வரம்பு தேவை. மண் காப்புக்காக வேலியாக நட்டுப் பராமரிக்கும் விவசாயிக்கு, தோண்டாமல் விட்டதற்காகவே ஊக்கத்தொகை வழங்கலாம். தோண்டும் வயல்களில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை அறுவடை செய்யும் முறையை நறுமண இயக்கத்தின் நிபந்தனையாக்கலாம். மருந்துக்கும் குடிநீருக்கும் செல்லும் வேரில் கன உலோகச் சோதனையைக் கட்டாயமாக்கலாம். தோற்றச் சான்று வழங்கும் கிராமக் குழுக்களுக்கு நிதியும் பயிற்சியும் அளிப்பது இவை அனைத்துக்கும் முதற்படி.

சட்டத் திருத்தம் நிறைவேறிய நாளில் இவற்றை விரிவாகப் பேச அவையில் அமைதி இல்லை. சட்டம் எவ்வாறு செயல்படுகிறது என்று ஆராயும் பொறுப்பு நிலைக்குழுவுக்கு இப்போதும் உள்ளது. வெட்டிவேர் கண்ட மாநிலங்களின் உறுப்பினர்கள், குறிப்பாக அதன் பெயரை உலகுக்குத் தந்த மொழியைப் பேசும் உறுப்பினர்கள், அந்தக் கேள்வியை எழுப்புவார்கள் என்று எதிர்பார்க்கலாம்.